முப்பத்தொம்பது பேர் சொல்லிட்டாங்க

இல்லண்ணா, இன்சூரன்ஸ் இல்ல. கிரெடிட் கார்டும் இல்ல. எதையும் உங்க தலையில கட்ட வரல. வேணும்னா இந்தப் பையைத் தொறந்து பாத்துக்கங்க, உள்ள வெறும் காகிதமும் பாதி பாட்டில் தண்ணியும்தான் இருக்கு. நீங்க வேலையை நிறுத்தவே வேணாம். அந்த ஃப்ரிட்ஜோட நீங்க பாட்டுக்கு மல்லுக்கட்டுங்க, நான் பாட்டுக்கு இந்த வாஷிங் மெஷின் மேல ஓரமா உக்காந்துக்கறேன். ஓ, அது கஸ்டமரோடதா? சரி சரி, நின்னுக்கறேன். காலையில இருந்து நின்னுட்டுதான இருக்கேன், இன்னும் கொஞ்ச நேரம் நின்னா கால் என்ன கழண்டா விழும்.

ஆமா, பேங்க்ல இருந்துதான் வரேன். அதை மறைக்கல. பழைய தபால் ஆபீஸுக்கு எதுத்தாப்புல இருக்கே, அந்த பிராஞ்சு. லோன் செக்‌ஷன்ல கிளார்க். ஆனா பேங்க் என்னை அனுப்பலண்ணா, நானா வந்திருக்கேன். பகல்ல பேங்க், சாயங்காலம் காலேஜ். எம்.காம், பேங்கிங் அண்ட் ஃபைனான்ஸ். அதுல ரிசர்ச் மெத்தட்ஸ்னு ஒரு பேப்பர் இருக்கு, ஆராய்ச்சி பண்றது எப்படின்னு சொல்லிக்குடுக்கற பேப்பர். சொல்லிக்குடுக்கறதுன்னா எப்படி, கெணத்துல தூக்கிப் போட்டுட்டு, எங்க நீந்திக் காட்டுன்னு மேல நின்னு கேக்கறது.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பிராஞ்சுல தொழிலுக்கு லோன் கேட்டு, கெடைக்காதுன்னு லெட்டர் வந்து, அப்படியே திரும்பிப் போனவங்க இருக்காங்கள்ல? அவங்க அப்புறம் என்ன ஆனாங்க? இதான் என் ஆராய்ச்சி. நாப்பது பேரைக் கேக்கணும். முப்பத்தொம்பது பேர் சொல்லிட்டாங்க. நாப்பதாவது ஆள் நீங்க. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள நான் இதைக் கொண்டுபோய்க் குடுக்கணும். குடுக்கலன்னா இந்தப் பேப்பர் போச்சு. போன வருஷமே ஒரு தடவை கோட்டை விட்டாச்சு, மூணாவது தடவை எழுத விடமாட்டாங்க. மூணு வருஷமா பஸ்ல தூங்கித் தூங்கிப் படிச்ச படிப்பு மொத்தமும் அதோட சேந்து போச்சு. பதினஞ்சு கேள்வி. இருவது நிமிஷம். அவ்வளவுதாண்ணா.

வேற ஆளைப் பாக்கணுமா. முடிஞ்சா பாத்திருக்க மாட்டேனா. இந்தத் தெருவுலயே எதுத்த கடையில ஒருத்தர் சும்மா உக்காந்து ஈ ஓட்டிட்டு இருக்காரு, என்னைப் பாத்ததும் வா வான்னு கூப்பிட்டாரு, அவர் பாட்டுக்கு பதினஞ்சு என்ன, அம்பது கேள்விக்குப் பதில் சொல்லுவாரு. ஆனா அவரைக் கேக்கக்கூடாதாம். எங்க மேடம் போட்ட சட்டம்.

ஏன் மேடம்னு பேரு அவங்களுக்கு. நாங்க வச்சதுதான். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தலையை இப்படி ஒரு பக்கம் சாச்சு, ஏன்? அவ்வளவுதான். வேற ஒன்னும் பேச மாட்டாங்க. குட் ஈவினிங்னு சொன்னாக்கூட ஏன்னு கேப்பாங்களோன்னு பயந்துட்டு, பாதிப் பேர் வாயே தொறக்காம தலையை மட்டும் ஆட்டிட்டு உள்ள போவோம்.

நான் மொதல்ல கொண்டுபோன தலைப்பு என்ன தெரியுமா, வங்கிச் சேவையும் வாடிக்கையாளர் திருப்தியும். எவ்வளவு லட்சணமா இருக்கு. அவங்க பாக்கறாங்க. எந்த வங்கி? எந்த வாடிக்கையாளர்? திருப்தின்னா எதும்மா, டீ குடிச்சா வர்றதா, கடனை அடைச்சா வர்றதா? அதை எந்தப் படி வச்சு அளப்ப? ஏன்? இதே குரல்தாண்ணா, இழுக்காம, கூட்டாம, டாக்டர் ஊசி போடறதுக்கு முன்னாடி பேசுவாரே அந்த மாதிரி. ஏழு தலைப்பு. ஏழையும் அடிச்சாங்க. செவப்பு மையில கூட இல்ல, பென்சில்ல. பென்சில்ல அடிச்சா இன்னும் கேவலமா இருக்கும், இதுக்குப் போய் மையை வேற வீணாக்குவாங்களான்னு.

வீட்டுக்கு வந்து கத்துவேன். எங்க அக்கா ஒருத்தி இருக்கா, அவ வீட்லதான் இருக்கேன். அவ சொல்லுவா, அடியே, நீதான் ஊரு ஒலகத்துக் குரலெல்லாம் பேசுவியே, அந்த மேடம் குரல்ல உனக்கு நீயே பாஸ்னு சொல்லிக்கோ, எங்களையாவது தூங்க விடு.

ஆமாண்ணா, குரல் மாத்திப் பேசுவேன். சின்ன வயசுலயே. ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸ் குரல்ல மைக்ல, பிள்ளைகளே, இன்றைக்கு அரை நாள் விடுமுறைன்னு சொல்லிட்டேன். மூணு கிளாஸ் பையைத் தூக்கிட்டு கேட் வரைக்கும் போயிருச்சு. வாட்ச்மேன் கேட்டைத் தொறந்தும் விட்டுட்டாரு. நிஜ ஹெட்மிஸ்ட்ரஸ் ஓடி வந்து எல்லாரும் உள்ள போங்கன்னு கத்துறாங்க, ஒருத்தரும் நம்பல, யாரோ மிமிக்ரி பண்றாங்கன்னு நெனச்சுட்டாங்க. சிரிக்கிறீங்க. சிரிங்க. அந்தத் திறமைதான் போன வருஷம் என்னைக் குப்புறத் தள்ளுச்சு.

போன வருஷம் அம்பது பேரைக் கேக்கணும்னு இருந்துச்சு. ஏ.டி.எம். வாசல்ல போய் நின்னேன். ரெண்டு நாள். நாலு பேர் சிக்குனாங்க. அதுல ஒருத்தர் மிஷின் என் கார்டை முழுங்கிடுச்சு, அதை எடுத்துக் குடுத்தா சொல்றேன்னுட்டாரு. மூணாவது நாள் தோணுச்சு, அம்பது பேரை வெளிய எதுக்குத் தேடணும், எல்லாரும் என் தொண்டைக்குள்ளயே இருக்காங்களே. மொட்டை மாடியில போய் உக்காந்து ஒவ்வொருத்தரா வரவழைச்சேன். ஒரு ரிட்டயர்டு வாத்தியார், இருமிட்டே பேசுவாரு. பேங்க்கா, ஹக், அந்தக் காலத்துல, ஹக், பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கம்மா, இப்ப டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடறாங்க, மூணாவது கேள்விக்கு ரெண்டு போடு. அப்புறம் ஒரு காய்கறிக் கடைக்காரம்மா. என்னாது, திருப்தியா, இந்தா அஞ்சு போட்டுக்க, போணி நேரத்துல வந்து நின்னுக்கிட்டு. ஒரு ஐ.டி. பையன், பாதி வார்த்தையைப் பல்லுக்குள்ளயே வச்சுப்பான். அம்பது பேருக்கும் வயசு, புள்ள குட்டி, முட்டி வலி வரைக்கும் நான் குடுத்திருந்தேன். பொய் எழுதற மாதிரியே இல்ல, பெரிய குடும்பம் ஒன்னை நடத்துற மாதிரி இருந்துச்சு.

மேடம் ரெண்டு நாள் வச்சிருந்தாங்க. கூப்பிட்டாங்க. போனேன். ரொம்ப நல்ல மனுஷங்கம்மா உன் அம்பது பேரும், அப்படின்னாங்க. ஒருத்தர் கூட ஒரு கேள்வியையும் விடல. பாதியில எழுந்து போகல. அடுப்புல பால் வச்சிருக்கேன்னு யாரும் ஓடல. வருமானம் எவ்வளவுன்னு கேட்டா அம்பது பேரும் டக்குன்னு சொல்லியிருக்காங்க, அதுவும் முழு ஆயிரத்துல. இப்படி ஒரு ஊர் எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லு, நான் போய் வீடு பாக்கணும். அவ்வளவுதான் சொன்னாங்க. ஏன்னு கேக்கவே இல்லண்ணா அன்னைக்கு. அதான் தாங்க முடியல. பென்சிலால ஒரு சைபர் போட்டு நோட்டை என் பக்கம் தள்ளிட்டாங்க.

இந்த ஸ்க்ரூவா? கீழ உருண்டுச்சு, இருங்க. இந்தாங்க.

எங்க விட்டேன், ஆங், இந்த வருஷம். எட்டாவது தலைப்பா லோன் கெடைக்காதவங்களைப் பத்திக் கேக்கறேன்னு சொன்னேன். மொத தடவையா அந்த அம்மா பென்சிலைக் கீழ வச்சாங்க. ஏன்னு கேட்டாங்க, ஆனா வேற மாதிரி ஏன். அப்புறம் கரும்பலகையில ரெண்டு கோடு போட்டுச் சொன்னாங்க. பேங்க் ரெண்டு வகையா தப்புப் பண்ணலாம். திருப்பிக் கட்ட மாட்டாத ஆளுக்குக் கடனைக் குடுக்கறது ஒரு தப்பு. ஒழுங்காக் கட்டியிருக்கக்கூடிய ஆளை வேணாம்னு அனுப்புறது இன்னொரு தப்பு. மொதல் தப்பு தானாக் கத்தும், மாசாமாசம் கணக்குல வந்து நிக்கும், மீட்டிங் போடுவாங்க. ரெண்டாவது தப்பு கத்தவே கத்தாது. அந்த ஆள் லெட்டரை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுட்டுப் போயிருவான். அவன் கட்டியிருப்பானா மாட்டானான்னு பேங்க்குக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது. அதனால நாங்க தப்பே பண்ணலன்னு பேங்க் நெனச்சுக்கும். நீ போய் அந்த ஆளைப் பாத்துட்டு வா.

எனக்கு அப்ப அது ஜம்முன்னு இருந்துச்சு. கேக்கறதுக்கு. செய்யப் போனால்ல தெரியுது.

மொதல்ல எங்க மேனேஜர் சார். மூக்கால பேசுவாரு. ஆராய்ச்சி நல்லதும்மா, ரொம்ப நல்லது, ஆனா வெந்த புண்ணுல ஏம்மா வேலைக் கொண்டுபோய்ப் பாய்ச்சணும்? அவங்களே போயிட்டாங்க. நீ போய் சௌக்கியமான்னு கேட்டா திரும்பி வந்துற மாட்டாங்களா? ஒன்றரை மாசம் அலைய விட்டாரு. கடைசியில ஒரு கையெழுத்து, அதுவும் ஃபோன் பேசிக்கிட்டே. இருநூத்திப் பன்னெண்டு பேர் லிஸ்டு. மேடம் முன்னாடி ஒரு பிஸ்கட் டப்பாவுல எல்லா நம்பரையும் எழுதிப் போட்டுக் குலுக்கி நாப்பது சீட்டு எடுத்தேன். எடுத்த சீட்டை மாத்தக்கூடாது. ஆள் கெடைக்கலன்னா எதுத்த கடைக்காரரைக் கேட்டுட்டு வரக்கூடாது. இந்தத் தடவை நான் கேட்டேன், ஏன் மேடம்? பதில் சொல்ல வர்றவங்க ஒரு ரகம்மா, மூஞ்சியில கதவைச் சாத்துறவங்க வேற ரகம். மொத ரகத்தை மட்டும் கேட்டுட்டு வந்தா ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு எழுதிருவ. சாத்துன கதவுக்குப் பின்னாடிதான் உனக்குத் தெரியாதது இருக்கு.

சாத்துனாங்கண்ணா. எத்தன கதவு. அச்சாபீஸ் வச்சிருந்த ஒருத்தர், நாலு தடவை போனேன், நாலு தடவையும் அவரே வெளிய வந்து அவர் ஊர்ல இல்லன்னு சொன்னாரு, அஞ்சாவது தடவைதான் உக்காந்து பேசுனாரு. பேக்கரி வைக்க லோன் கேட்ட ஒரு அம்மா, பதில் சொல்றேன் ஆனா புள்ளையைப் பிடின்னு ஒரு கைக்குழந்தையை என் மடியில போட்டுட்டாங்க, அது என் கேள்வித்தாளைப் பாதி தின்னுருச்சு. பன்னெண்டாவது கேள்விக்கு எல்லாரும் எழுந்து போவாங்க. லோன் கெடைக்காததை வீட்ல யார்கிட்ட சொன்னீங்கன்னு ஒரு கேள்வி. அதைக் கேட்டதும் ஒருத்தருக்கு போன் வரும், ஒருத்தருக்கு இருமல் வரும். நான் மாடியில உக்காந்து செஞ்சேனே அம்பது பேர், அதுல ஒருத்தருக்கும் இப்படி இருமல் வரல. அந்த வாத்தியாருக்கு வந்துச்சு, அது சும்மா அழகுக்கு.

அப்படி இப்படின்னு முப்பத்தொம்பது. அப்புறம் நீங்க.

ஒம்பது தடவை போன் போட்டேண்ணா உங்களுக்கு. பேங்க்னு சொன்ன ஒடனே கட். வணக்கம்னு சொன்னேன், கட். மூச்சு விட்டேன், அதுக்கும் கட். சரி, நான் இப்ப ஒன்னு சொல்றேன், கையில எதையாவது வச்சிருந்தா கீழ வச்சிருங்க. போன செவ்வாக்கெழமை ஒரு பெரியம்மா போன் பண்ணாங்கள்ல? தம்பி, ஃப்ரிட்ஜுக்குள்ள யாரோ குறட்டை விடற மாதிரி இருக்குப்பா, ராவெல்லாம் எனக்குப் பயமா இருக்குன்னு? அது நான்தான், எங்க அக்கா போன்ல இருந்து.

தெரியும், தெரியும். கோவம் வரும். திட்டுங்க. இல்ல, நல்லாவே திட்டுங்க, நான் வாங்கிக்கறேன். நீங்க மட்டும் வேலை கெட்டுப்போய்... ஐயோ, அந்த விலாசத்துக்குப் போனீங்களா? நான் ஒரு விலாசமும் சொல்லலையேண்ணா. ஓ, போகல. சும்மா கேட்டீங்களா. பயந்தே போயிட்டேன்.

இல்லண்ணா, வெளையாட்டுதான், ஆனா வெளையாட்டு மட்டும் இல்ல. இந்த மனுஷன் எப்படிப் பேசுவாருன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. எட்டு நிமிஷம் பேசுனீங்க. பெரியம்மா, பயப்படாதீங்க, அது கம்ப்ரஸர் காலு தளந்திருக்கும். ஃப்ரிட்ஜை செவுத்துல இருந்து ஒரு சாண் தள்ளி வைங்க, கீழ ஒரு பழைய துணியை மடிச்சு வைங்க, சத்தம் நின்னா என்னைக் கூப்பிடவே வேணாம். இப்படித்தான சொன்னீங்க? உங்க குரல்தான? ஆமா, பெரியம்மான்னு கடைசியில ஒரு மாதிரி இழுப்பீங்க. வேலை வர்ற எடத்துல வேலை வேணாம்னு சொல்ற ஆளை நான் எங்க பிராஞ்சுல பாத்ததே இல்ல. போனை வச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

நானா? லோன் வேணாம்னு சொல்றது நாங்க இல்லண்ணா. கம்ப்யூட்டர். நீங்க குடுக்கற ஃபார்மைப் பாத்து நாங்க அதுல அடிப்போம். வயசு, தொழில், எத்தன வருஷமா பண்றீங்க, சொந்தக் கடையா வாடகையா. அது ஒவ்வொன்னுக்கும் மார்க் போடும். அறுபது வந்தா மேனேஜர் மேசைக்குப் போகும். வரலன்னா லெட்டர் தானா அச்சாகி வந்துரும், வருந்துகிறோம்னு. யாரும் வருந்துறது எல்லாம் இல்ல, அது அச்சு.

இப்ப உக்காரலாமா? ரொம்ப நன்றிண்ணா. இந்த ஸ்டூல் ஆடுது, பரவால்ல.

ஃபார்ம் கெடக்கட்டும், அதுக்கு அப்புறம் வரேன். நீங்க சும்மா சொல்லுங்க, எதுக்குக் கேட்டீங்க லோன்? வண்டிக்கா. சின்ன லோடு வண்டி. ம். ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டு வர. பெரிய ஓட்டல் ஒன்னு, எட்டு குளிர்பெட்டி, வருஷ ஒப்பந்தமா? வண்டி இருந்தாத்தான் ஒப்பந்தம்னு சொல்லிட்டாங்களா. இப்ப எப்படிக் கொண்டு வரீங்க? வாடகை வண்டி. வர்றதுல பாதி அதுக்கே போயிரும்ல.

தனியாவா பண்ணலாம்னு இருந்தீங்க? ஓ. மச்சான். அண்ணியோட தம்பியா? அவரும் இதே வேலைதான். ரெண்டு பேரும் சேந்து. போர்டெல்லாம் எழுதியாச்சா? எங்க, அந்த மூலையில திருப்பிச் சாத்தி வச்சிருக்கறதா? நான் பாக்கல, பாக்கல. விடுங்க.

அவர் ஏன் விலகுனாரு? லோன் கெடைக்கலன்னா வேற பேங்க் போயிருக்கலாமே, ரெண்டு பேரும் சேந்து...

ம்.

அப்படியா சொன்னாரு.

நல்ல மனுஷனுக்கு எதுக்கு பேங்க் மாட்டேங்குதுன்னு. எங்கயோ யாரையோ ஏமாத்தியிருக்கீங்க, அதைத் தன்கிட்ட மறைக்கிறீங்கன்னு. அதுவும் எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கறப்பவா. அண்ணி என்ன சொன்னாங்க? ரசத்தை ஊத்திட்டு உள்ள போயிட்டாங்களா. அதுதான் கஷ்டம். இப்ப பேச்சு வார்த்தை உண்டா? ரெண்டு வருஷமா இல்ல. அண்ணி மட்டும் தம்பி வீட்டுக்குப் போய்ட்டு வருவாங்க. வந்தா நீங்க கேக்க மாட்டீங்க, அவங்களும் சொல்ல மாட்டாங்க.

அந்த லெட்டர்ல காரணம் போட்டிருக்காதுண்ணா. தகுதி மதிப்பெண் பெறவில்லைன்னு ஒரு வரி. அதைப் படிச்சா யாருக்கும் அப்படித்தான் தோணும். படிக்கறவங்களுக்கு என்ன வேணுமோ அதை அதுல படிச்சுக்கலாம். இல்ல, எனக்கு ஒன்னும் இல்ல. தூசி. இந்தக் கேஸ் வாசனை வேற.

எனக்கு என்ன எரிச்சல்னா அண்ணா, மூணு வருஷமா எனக்குச் சொல்லிக்குடுத்ததெல்லாம் எப்படித் தள்ளி நின்னு பாக்கறதுன்னு. ஆராய்ச்சி பண்றவ கேள்விக்குள்ள தன் மூஞ்சியைக் கொண்டுவரக்கூடாது. ஆளுக்கு ஒரு நம்பர் குடு, பேரை எடுத்துரு. நீங்க முப்பத்தொன்னாவது நம்பர், டப்பாவுல எடுத்த வரிசையில அதுதான் உங்க சீட்டு. எக்செல்ல ஒரு வரி. அந்த வரியில ஒரு மச்சானும் இல்ல, திருப்பிச் சாத்துன போர்டும் இல்ல. சரி. கேள்வியை ஆரம்பிச்சுடறேன். ஆரம்பிக்கலன்னா பேசிட்டே இருப்பேன், எனக்கே தெரியுது, இதுக்கு மேல பேசறது உங்க நேரத்தைத் திங்கறது.

ஒன்னாவது கேள்வி. இந்தத் தொழில்ல எத்தன வருஷமா இருக்கீங்க?

பதிமூணு.

ஆமா. பதிமூணுதான். அன்னைக்கு அந்தப் பெரியம்மாகிட்டயும் அதான் சொன்னீங்க, பதிமூணு வருஷத்துல குறட்டை விடற ஃப்ரிட்ஜ் எத்தனையோ பாத்தாச்சுன்னு. அதை வச்சுத்தாண்ணா நேத்து மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல உங்க ஃபார்மை நானே நிரப்ப உக்காந்தேன். ஆமா, திரும்பவும். உங்க குரல் கைவசம் இருக்கு, ஒரே ஒரு ஃபார்ம்தான, நாப்பதுல ஒன்னு, யாருக்குத் தெரியப்போவுது. மேடம் என்னை ஒரு தடவை பிடிச்சவங்க, இந்தத் தடவை கச்சிதமா இருக்கணும்னு கம்ப்யூட்டர்ல உங்க மனுவை எடுத்து ஒத்துப் பாத்தேன். இப்ப பதிமூணுன்னா ரெண்டு வருஷம் முன்னாடி பதினொன்னு இருக்கணும். அதுல ஒன்னுன்னு இருந்துச்சு. பொய் ஒட்டல. ஒட்ட வைக்கலாம்னு பழைய ஃபைல் ரூமுக்குப் போய், கட்டைப் பிரிச்சு, நீங்க கைப்பட எழுதின ஃபார்மைத் தேடி எடுத்தேன். நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நீல மையில, கட்டத்துக்கு வெளிய போகாம, ரெண்டு ஒன்னு பக்கத்துல பக்கத்துல. கம்ப்யூட்டர்லதான் ஒரு ஒன்னைக் காணோம். தொழில்ல ஒரு வருஷம்தான்னா நாலு மார்க்கு, பத்து வருஷத்துக்கு மேல போனா பதினாறு. உங்களுக்கு வந்தது அம்பத்தி மூணு. வந்திருக்க வேண்டியது அறுபத்தஞ்சு. அடிச்சது யாருன்னு ஓரத்துல ரெண்டு எழுத்து விழும். அது என்னோடதுண்ணா. வேலைக்குச் சேந்து மூணாவது வாரம்.

இந்தாங்க, இது உங்க ஃபார்மோட நகல். இது நான் இன்னைக்குக் காலையில மேனேஜருக்கு எழுதிக் குடுத்தது, தபால் வாங்கற எடத்துல முத்திரை குத்தி வாங்கிட்டேன், தேதியோட. மனுதாரர் மேல எந்தக் குறையும் இல்ல, தப்பு பதிவு செஞ்சவரோடதுன்னு ரெண்டாவது பத்தியில இருக்கு, கீழ என் கையெழுத்து. அவர் மூக்கால கேட்டாரு, ரெண்டு வருஷமா அந்த ஆள் கேக்கலையேம்மா, கேக்காத கேள்விக்கு நீ ஏம்மா பதில் சொல்ற? மனுவைத் திரும்ப எடுக்கச் சொல்லி எழுதியிருக்கேன், எடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது, எடுப்பாங்கன்னு நான் சொன்னா அது இன்னொரு பொய். என்னை என்ன பண்ணுவாங்கன்னும் தெரியாது. ஆனா அந்தக் காகிதம் உங்களுது. மச்சானுக்குக் காட்டறதுன்னா காட்டுங்க. அண்ணிக்கு மொதல்ல.

மீதி பதினாலு கேள்வி இருக்கு. எல்லாத்துக்கும் பதிலை வாங்கிட்டுக் கடைசியில இதைச் சொல்லலாம்னுதான் பஸ்ல வரும்போது கணக்குப் போட்டேன். வாய் நிக்கல. இப்ப நீங்க போன்னா நான் போயிடறேன், முப்பத்தொம்பதோட போய் மேடம்கிட்ட நிக்கறேன். நாப்பதாவது ஆள் ஏன் பதில் சொல்லலன்னு அவங்க கேட்டா, அதுக்கு மட்டும் எனக்கு முழுசா விடை தெரியும்.

சரிண்ணா. படிங்க. பொறுமையா படிங்க, நான் இருக்கேன்.

அடுத்தது கேக்கவா? நிஜமாவா? இருங்க, மொதல்ல ஒன்னாவதை எழுதிக்கறேன். பதிமூணு. இப்படித் திருப்பறேன், உங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நீங்களே ஒரு தடவை பாத்துருங்கண்ணா, ஒன்னு, மூணுன்னு ரெண்டு எண்ணும் விழுந்திருக்கான்னு.